கசகசாவுக்கு அஞ்சுவோர் மாத்திரைக்கு அஞ்ச வேண்டாமா?



மீமிசல், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்த நம் ஊர்களில், வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஓர் ஆளையாவது அனுப்பாத குடும்பம் அரிது. அறந்தாங்கியிலும் இதே நிலைதான். புறப்படும் மகனுக்கு மசாலாத்தூள் அரைத்துக் கட்டிக்கொடுக்கும் தாய்க்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும்: அதில் கசகசா சேரக் கூடாது. நம் வீட்டுக் குழம்புக்கு அரைக்கும் அந்தச் சிறு விதை ஐக்கிய அரபு அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இதை அந்தத் தாய்க்கு எந்த அரசு அலுவலகமும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை. சபராளிகள் சொல்லி, அண்டை வீட்டார் சொல்லி, ஊரறிந்த பாடமாகிவிட்டது.

ஆனால் அதே பெட்டியில் அதே குடும்பத்தார் வைக்கும் மாத்திரைகளைப் பற்றி இப்படி ஒரு பாடம் நம் ஊர்களில் இதுவரை உருவாகவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு என்று ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களில் பலர் உம்ராவுக்கும், பிள்ளைகளைப் பார்க்கவும், பிழைப்புக்கும் விமானம் ஏறுகின்றனர். பலருடைய பையிலும் இருப்பது அட்டையிலிருந்து பிரித்தெடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிய மாத்திரைகள். மருத்துவர் சீட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மருந்தின் பெயர் கேட்டால் "காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்பதே பதில்.

இதை அறியாமை என்று சொல்லி மட்டும் கடந்துபோக நமக்கு மனமில்லை. கற்பிக்க வேண்டியவர்கள் கற்பிக்காமல் இருக்கும் அலட்சியம் இது. இந்த அலட்சியத்துக்குத் தவக்குல் என்ற புனிதமான பெயரும் சூட்டப்படுகிறதே, அதுவே நம்மை எழுதத் தூண்டியது.

நம் ஊர் மருந்து, பிற நாட்டுச் சட்டம்

நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் உண்டானவர்களுக்கு நம் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதும் மருந்துகளுள் ஒன்று ப்ரீகாபலின். நம்மிடையே அது "கால் எரிச்சல் மாத்திரை". அமீரகம், சவூதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளிலோ அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மூட்டுவலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் தரப்படும் டிரமடால், இருமல் மருந்துகள் சிலவற்றில் உள்ள கோடீன், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரஸோலம், டயஸிபாம் ஆகியவையும் அப்படியே. நோயாளிக்கு இவை மருந்து. விற்பவனுக்கும் தவறாகப் பயன்படுத்துபவனுக்கும் போதை. சுங்க அதிகாரியின் முன் நிற்கும்போது நாம் எந்த வகையினர் என்பதைச் சொல்ல வேண்டியது நம் கையில் உள்ள காகிதம்.

வளைகுடா நாடுகள் மட்டும் கெடுபிடி காட்டுவதாகக் குறைகூறுவோர், நம் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டிரமடாலை இந்திய அரசே 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பதற்காக ஒரு மருந்து சாதாரண மருந்தாகிவிடாது.

2017ஆம் ஆண்டு எகிப்துக்கு விடுமுறைக்குச் சென்ற பிரித்தானியப் பெண் ஒருவர், அங்கிருந்த தம் துணைவரின் முதுகுவலிக்காக என்று 290 டிரமடால் மாத்திரைகளைக் கொண்டுபோனார். ஹுர்கதா விமான நிலையத்தில் பிடிபட்டார். அது அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது என்று தமக்குத் தெரியாது என்றார். நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. வலிமைமிக்க நாடொன்றின் கடவுச்சீட்டு வைத்திருந்தும், நாளிதழ்கள் எல்லாம் அவருக்காக எழுதியும், 2019 தொடக்கத்தில்தான் அவரால் வெளியே வர முடிந்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பும் ஒரு கூலித் தொழிலாளிக்காக எந்த நாளிதழ் எழுதும்?

"எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். நடக்கவில்லை என்பதன் பொருள், சோதிக்கப்படவில்லை என்பது மட்டுமே. கசகசா கொண்டுபோனவர்களிலும் பிடிபடாதவர்கள் உண்டு. அதற்காக யாரேனும் தம் மகனுக்கு அதைக் கட்டிக்கொடுக்கிறார்களா?

இத்தனைக்கும் சட்டம் நோயாளிக்கு வழியை மூடிவிடவில்லை. சவூதியின் உணவு மருந்து ஆணையம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவோர் இணையவழியே அனுமதி பெற ஏற்பாடு செய்திருக்கிறது. அமீரகத்திலும் முன் அனுமதி முறை உண்டு. சிங்கப்பூரில் வழக்கமான மருந்துகளை மூன்று மாதத் தேவை அளவுக்குக் கொண்டுசெல்லலாம். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். இடையில் வேறொரு நாட்டில் இறங்கி விமானம் மாறுவோர் அந்த நாட்டின் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்தே இருக்கிறது. தட்டுவதற்குத்தான் நம்மில் ஆளில்லை.

"இதையும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்"

நம் ஊர்களில் பயணம் சொல்லிக்கொள்வது அழகிய வழக்கம். சலாம் சொல்லி, துஆ கேட்டு, மனத்தாங்கல் இருந்தால் மன்னிப்பும் பெற்றுக்கொண்டு புறப்படுகிறோம். ஆனால் அதே நேரத்தில் பொட்டலங்களும் வந்து சேருகின்றன. "எங்க அத்தாவுக்கு அங்கே மருந்து விலை அதிகமாம், இதை மட்டும் கொடுத்துவிடுங்கள்." பெரியவர் ஒருவர் கேட்கும்போது மறுக்கக் கூச்சம். பொட்டலம் பெட்டிக்குள் போய்விடுகிறது.

ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்தை இன்னொருவர் சுமந்து செல்லும்போது, சீட்டில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் இருக்கும். அதிகாரியிடம் என்ன விளக்கம் சொல்வது? 2019இல் மும்பையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தம்பதியர் கத்தார் விமான நிலையத்தில் கைதான செய்தியை நாடே அறியும். உறவினர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது. பத்தாண்டுச் சிறைத் தண்டனை. அந்தப் பெண் கருவுற்றிருந்தார். குழந்தை சிறையிலேயே பிறந்தது. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது நிலைநாட்டப்பட்டு, ஊர் திரும்ப 2021 ஆயிற்று. அது மருந்து வழக்கன்று என்பது உண்மைதான். ஆனால் பொட்டலம் நுழைந்த வழி ஒன்றேதான்: நம்பிக்கையும் கூச்சமும்.

அமானிதத்தைப் பேணுவது மார்க்கக் கடமை என்கிறோம். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் ஏற்பது அமானிதம் ஆகாது. தெரியாத பொருளுக்குப் பொறுப்பேற்க நம்மால் இயலுமா? மறுப்பதில் கூச்சம் தேவையில்லை; கேட்பவருக்கே அந்தக் கூச்சம் இருக்க வேண்டும்.

உம்ரா வகுப்பில் இல்லாத பாடம்

உம்ராவுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் புறப்படும் முன் வகுப்பு நடத்துகின்றன. இஹ்ராம் துணியை எப்படிச் சுற்றுவது, எங்கே நிய்யத் வைப்பது, தல்பியா, தவாஃப், ஸஃயு என எல்லாம் விளக்கமாகச் சொல்லப்படுகின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் எதிரே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களை நோக்கி "இன்சுலின் போடுவோர் யார் யார்? அதை எந்தப் பையில் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கும் அமீர்கள் எத்தனை பேர்?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், விமானத்தின் சரக்கறையில் போகும் பெரிய பெட்டியில் இன்சுலினை வைக்கக் கூடாது. அங்கே குளிர் மிகுந்து மருந்து உறைந்துபோகக்கூடும். உறைந்த இன்சுலின் மீண்டும் இளகினாலும் அதன் ஆற்றலை நம்ப முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான். பெட்டி வழிதவறி இரண்டு நாள் கழித்து வந்தால் அதுவரை மருந்தே இராது. கையோடு கொண்டுசெல்லும் பையில், மருத்துவர் சீட்டுடன், சோதனையிடுவோரிடம் நாமே முன்வந்து சொல்லிவிட்டு எடுத்துச் செல்வதே முறை. ஒரு பேனாவில் இருப்பது மூன்று மில்லி மருந்து. திரவங்களுக்கான நூறு மில்லி வரம்பைக் கேள்விப்பட்டு அஞ்சி, அதைப் பெரிய பெட்டியில் திணிப்பதற்குக் காரணமே இல்லை.

நேரக் கணக்கும் அப்படியே. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முந்தியவை. இரவு இன்சுலினை எந்த ஊர் மணிக்குப் போடுவது என்பதைப் புறப்படும் முன்னரே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, உணவு வரத் தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஸஃயுவின் ஏழு சுற்றுகள் மட்டுமே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை. வெறும் வயிற்றில், வழக்கமான மாத்திரையோடு, அத்தனை தூரம் நடக்கும் முதியவருக்கு இடுப்புப் பையில் நான்கு பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குப் பெரிய மருத்துவ அறிவு தேவையா?

இதைவிட வருந்தத்தக்கது, சில முகவர்கள் சொல்லும் அறிவுரை: "வியாதி இருக்குன்னு எங்கேயும் வாயைத் திறக்காதீங்க, சிக்கல்." நோயை மறைத்து அழைத்துச் செல்பவர், நடுவழியில் அந்த நோய் வெளிப்படும்போது உடன் நிற்பாரா? இருக்கை நிரம்ப வேண்டும் என்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதற்கு வணிகம் என்றுகூடப் பெயர் சொல்லத் தகாது.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. எல்லா நாட்டவரும் சேர்ந்து 1,300 பேருக்கு மேல் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. இந்தியர் 98 பேர் இறந்ததாகத் தெரிவித்த நம் வெளியுறவு அமைச்சகம், காரணங்களைச் சொல்லும்போது முதுமையோடு நாள்பட்ட நோயையும் குறிப்பிட்டது. அங்கே மரணிப்பது பெரும் பாக்கியம் என்று நம்மில் பலர் ஆறுதல் கொள்கின்றனர். இறந்தோர் அனைவரையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்த ஆறுதல், நம் கவனக்குறைவுக்குத் திரையாகிவிடக் கூடாது.

தவக்குல் எது?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற சொல்லை நாம் மறுக்கவில்லை. எப்போது சொல்லப்படுகிறது என்பதையே கேட்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. அதை அறியாத முஸ்லிம் நம் ஊர்களில் இல்லை. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளும்படியும் அவர்கள் ஏவினார்கள். தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருக்குர்ஆன் 2:195 தடுக்கிறது. ஹஜ்ஜைக் கடமையாக்கும் 3:97, அதற்குச் சக்தி பெற்றவர் மீதே அதைக் கடமையாக்குகிறது. அந்தச் சக்தியில் பணத்தோடு உடல்நலமும் அடங்கும் என்பதே மார்க்க அறிஞர்களின் விளக்கம். நோயாளிக்கும் பயணிக்கும் ரமளான் நோன்பில் சலுகை அளித்த மார்க்கம் இது. நோயாளியாகவும் பயணியாகவும் ஒருசேர இருப்பவரின் மருந்துப் பையை அது கவனிக்காமல் விடச் சொல்லுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஹஜ் பயணிகளுக்கு மூளை உறைக் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். அதைப் போட்டுக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. தவக்குலுக்கு முரண் என்று எவரும் வாதிடுவதுமில்லை. ஏன்? சான்று காட்டாவிட்டால் பயணமே நின்றுவிடும். ஆக, அரசு கட்டாயப்படுத்தினால் அது முன்னெச்சரிக்கை. கட்டாயப்படுத்தாவிட்டால் அதே செயல் ஈமானின் குறைவு. இப்படி ஓர் அளவுகோலை நமக்குக் கற்றுத் தந்தவர் யார்?

யார் என்ன செய்ய வேண்டும்

முதலில் மருத்துவர்கள். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இலேயே விதியைத் திருத்தியது. நம் ஊர் வணிகப் பெயரை ஜித்தாவில் உள்ள அதிகாரியோ மருந்தாளுநரோ அறியமாட்டார். மூலப்பெயர் உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. வெளிநாடு போகும் நோயாளிக்குக் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்பதை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தருவது சில நிமிட வேலை. கேட்டால் எரிச்சல்படும் மருத்துவரிடம் மரியாதையோடு மீண்டும் கேட்க வேண்டும். இது நோயாளியின் உரிமை.

அரசு மருந்து உண்போரும் தயங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் நம் வாசலுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுசெல்வோர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பயணக் கடிதம் கேட்கலாம். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி எடுத்துச் செல்ல வேண்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குரிய மருந்தைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. சீட்டின் படத்தை உங்கள் கைப்பேசியிலும் உடன் வருபவர் கைப்பேசியிலும் எடுத்து வையுங்கள்.

அடுத்து ஜமாஅத்துகளும் உம்ரா நிறுவனங்களும். "எங்கள் மக்கள் படிக்காதவர்கள், இணையத்தில் அனுமதி வாங்குவதெல்லாம் அவர்களால் ஆகாது" என்ற சாக்கு இந்த மாவட்டத்தில் எடுபடாது. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில், எழுத்தறியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தையும் மிதிவண்டியையும் ஒருசேரக் கற்ற மண் இது. கல் உடைக்கும் பெண்கள் அன்று கற்றார்கள் என்றால், வீட்டுக்கு வீடு கைப்பேசி உள்ள இன்று நம்மால் ஏன் முடியாது? ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இணையம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் அமர்ந்து, பயணம் போகிறவரின் மருந்துப் பெயர்களை அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் சரிபார்த்து, அனுமதி தேவைப்பட்டால் விண்ணப்பித்துக் கொடுக்கட்டும். விசாவுக்கும் கடவுச்சீட்டுக்கும் படிவம் நிரப்பித் தரும் பிள்ளைகள் இதையும் செய்வார்கள்.

உம்ரா வகுப்பு நடத்துவோரிடம் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே: அடுத்த வகுப்பில் இஹ்ராம் துணியைக் கையில் எடுக்கும் முன், ஒவ்வொருவரையும் தம் மருந்துப் பையையும் மருத்துவர் சீட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இல்லாதவருக்கு வாங்கி வரும்வரை பயண நாளை உறுதி செய்யாதீர்கள். பயணம் போவோரும் பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "என் மருந்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் உங்கள் தாய் தந்தையரை ஒப்படைக்காதீர்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதை அவனுடைய இல்லத்துக்குச் சுமந்து செல்பவர், உரிய மருந்தோடும் முறையான காகிதத்தோடும் செல்லட்டும். பயணிகளுக்குப் பாதுகாப்பையும் நோயாளிகளுக்கு நிவாரணத்தையும், பொறுப்பில் இருப்போருக்குப் பொறுப்புணர்வையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.